அமெரிக்க இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கிற வேலைக்கு இவ்வளவு பிஜிவியா?

மலைக்கோட்டை_ஏஆர் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில ஒரு சின்ன மெடிக்கல் பில்லிங் கம்பெனியில ஏஆர் காலரா இருக்கேன், அதாவது அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போட்டு வர வேண்டிய பணத்தைக் கேக்கிற வேலை. பெரும்பாலும் டினையல், நிராகரிச்ச கிளெய்ம்தான். இப்போ சென்னையில பெருங்குடி பக்கம் ஒரு பெரிய கம்பெனியில ஆஃபர் வந்திருக்கு. இந்த முறை கிளையன்ட் டாக்டரோ ஆஸ்பத்திரியோ இல்ல, நேரா ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி. கிளெய்ம் அட்ஜூடிகேஷன், அதாவது கிளெய்முக்குப் பணம் கொடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற வேலை.

ஆஃபரோட வந்த பிஜிவி (பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன், சேர்றதுக்கு முன்னாடி ஆளோட பின்னணியைச் சரிபார்க்கிறது) ஃபாரத்தைப் பார்த்துட்டுத்தான் இங்க எழுதுறேன். ஏழு வருஷ முகவரி, படிப்புச் சான்றிதழ், பழைய கம்பெனி எல்லாத்தோட ரிலீவிங் லெட்டர், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி, கோர்ட் ரெக்கார்டு செக், அது போக போலீஸ் வெரிஃபிகேஷன், ஒன்பது வகை போதைப்பொருளுக்கு டிரக் டெஸ்ட், சிபில் ரிப்போர்ட். கடைசிப் பக்கத்துல ஃபேஸ்புக், இன்ஸ்டா ஐடி வேற.

எதுக்கு இவ்வளவுன்னு கேட்டா எச்ஆர் ஒரே வரியில முடிச்சிட்டாங்க: "ஹிப்பா சட்டப்படி கட்டாயம்." நோயாளி விவரத்தைப் பாதுகாக்கிற அந்த அமெரிக்கச் சட்டத்துல நிஜமாவே இப்படி இருக்கா?

எனக்குக் கவலை ஏன்னா, 2020 ஊரடங்குல பைக்ல வெளிய போனதுக்கு வண்டியைப் பிடிச்சு எஃப்ஐஆர் போட்டாங்க. அப்புறம் யாரும் கூப்பிடவே இல்ல. ஃபாரத்துல "உங்கள் மீது எப்போதாவது வழக்குப் பதிவு செய்யப்பட்டதா?"ன்னு இருக்கு. முதல்ல வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க, பிஎஃப்பும் கிடையாது. சான்றிதழ்ல பேருக்குப் பின்னால இனிஷியல், பான் கார்டுல அப்பா பேரு முழுசா, ஆதார்ல இன்னொரு விதம். இதுல எது என்னைக் கவுக்கும்?

நைட்ஷிஃப்ட்_நாகா | திங்கள், இரவு 10.05

ப்ரோ, மூத்திரத்துல இருந்து முகநூல் வரைக்கும் செக் பண்ணிட்டு உள்ள விடுவானுங்க. உள்ள போனதும் டீம் லீட் பேயர் (இன்சூரன்ஸ் கம்பெனி) போர்ட்டல் லாகினை வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடுவாரு. பத்துப் பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. நான் பார்த்தாச்சு.

கம்ப்ளையன்ஸ்_கலா | திங்கள், இரவு 10.50

எச்ஆர் சொன்னது பாதி உண்மைகூட இல்லை. வெண்டர் பக்கத்தில் இதே வேலை பார்ப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹிப்பா 1996-இல் வந்த சட்டம். அதன் கீழ் வரும் செக்யூரிட்டி ரூலில் 'வொர்க்ஃபோர்ஸ் கிளியரன்ஸ்' என்று ஓர் அம்சம் இருக்கிறது. நோயாளி விவரங்களை ஒருவர் கையில் கொடுக்கும்போது, அது அவருக்குப் பொருத்தமான அனுமதிதானா என்று தீர்மானிக்க நிறுவனத்திடம் ஒரு நடைமுறை இருக்க வேண்டும். அந்த அம்சம் கேட்பது அவ்வளவுதான். கிரிமினல் செக், டிரக் டெஸ்ட், கடன் விவரம் எதுவும் அதில் பெயர் சொல்லிக் கேட்கப்படவில்லை. அதுவும் 'அட்ரஸபிள்' வகை. பொருந்துமா என்று ஆராய்ந்து செய்ய வேண்டும். பொருந்தாது என்றால் காரணத்தை எழுதிவைத்து வேறு வழியில் அதே பாதுகாப்பைக் கொடுக்க வேண்டும். இஷ்டம் இருந்தால் செய்யலாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் தவறு.

அப்படியானால் உங்கள் ஃபாரம் எங்கிருந்து வந்தது? ஒப்பந்தத்திலிருந்து. ஹிப்பாவை விரிவாக்கிய 2009 ஹைடெக் சட்டமும் 2013 ஆம்னிபஸ் ரூலும் வந்த பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை செய்யும் வெண்டர், அவருக்குக் கீழே இருக்கும் சப் கான்ட்ராக்டர் என எல்லாருக்கும் நேரடிப் பொறுப்பு உண்டு. ஆனால் அமெரிக்க அதிகாரி பெருங்குடிக்கு வந்து யாரையும் விசாரிக்கப்போவதில்லை. அதனால் அங்கே இருக்கிற பேயர் ஒப்பந்தத்தை வைத்துத்தான் பிடியை இறுக்குகிறார். ஒப்பந்த இணைப்பில் ஆட்களை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கும். நான்கு கிளையன்ட் நான்கு விதமாகக் கேட்பார்கள். வெண்டர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, இருப்பதிலேயே நீளமான ஃபாரத்தை எல்லாருக்கும் நீட்டிவிடுவார். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

மெடிகேர் அட்வான்டேஜ் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டைத் தனியார் கம்பெனிகள் வழி கொடுக்கும் திட்டம்) கிளெய்ம் என்றால் இன்னோர் அடுக்கும் உண்டு. வெளிநாட்டில் ஆள் வைத்து வேலை வாங்கினால், ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாளுக்குள் மெடிகேரைக் கவனிக்கும் அரசு அமைப்பான சிஎம்எஸ்ஸுக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும். என்ன விவரம் வெளியே போகிறது, ஏன் போகிறது, வேறு வழி பார்த்தார்களா, ஆண்டுக்கொரு தணிக்கை உண்டா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். அந்தத் தணிக்கையில் காட்டத் தோதாக இருப்பது பிஜிவி ரிப்போர்ட். பச்சை நிறத்தில் ஒரு பக்கம், கோப்பில் வைத்தால் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். விடவே முடியாத செக் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது ஓஐஜி (அமெரிக்கச் சுகாதாரத் துறையின் கண்காணிப்பு அலுவலகம்) வெளியிடும் விலக்குப் பட்டியல். மோசடி போன்ற காரணங்களுக்காக மெடிகேர், மெடிகெய்டிலிருந்து (ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு) விலக்கப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அப்படிப்பட்டவரை அந்த வேலையில் வைத்தால் அபராதம். பட்டியலை மாதாமாதம் புதுப்பிப்பார்கள். ஆட்களையும் மாதாமாதம் ஒத்துப் பார்ப்பது நல்லது என்பது ஓஐஜி 2013-இல் சொன்ன அறிவுரை. அது யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பட்டியல், உங்களிடம் ஒரு காகிதமும் வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் அது உங்கள் ஃபாரத்தில் இல்லவே இல்லை.

நைட்ஷிஃப்ட்_நாகா | திங்கள், இரவு 11.02

ஆக, சட்டம் கேக்கிறது ஃபாரத்துல இல்ல, ஃபாரத்துல இருக்கிறது சட்டத்துல இல்ல. சூப்பர்.

சரிபார்ப்புக்காரன் | செவ்வாய், காலை 7.15

நான் பிஜிவி ஏஜென்சியில் இருக்கிறேன். ஃபாரத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொன்னால் தம்பிக்குப் பயம் கொஞ்சம் குறையும்.

கோர்ட் செக் என்றால் யாரோ உயர் நீதிமன்றப் படியேறித் தேடுகிறார் என்று நினைக்காதீர்கள். ஆன்லைனில் கிடைக்கும் வழக்கு விவரங்களில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் போட்டுத் தேடுவதுதான். வடக்கில் குடும்பப் பெயர் இருப்பதால் ஓரளவு வடிகட்டலாம். நம்மிடம் அது கிடையாது. 'முருகன், த/பெ சுப்பிரமணியன்' என்று திருநெல்வேலி மாவட்டத்தில் போட்டுப் பாருங்கள், எத்தனை வழக்கு வருகிறது என்று. வயதும் கதவு எண்ணும் பல பதிவுகளில் இருக்காது. பொறுப்பான ஆள் என்றால் வழக்கு நகலை வாங்கி ஒப்பிடுவார். அவசரத்தில் இருப்பவர் 'பெயர் பொருந்த வாய்ப்புண்டு' என்று மஞ்சள் நிறம் போட்டு அனுப்பிவிடுவார். எச்ஆர் மஞ்சளைப் பார்த்ததும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். யாரோ செய்த அடிதடிக்கு இவர் வேலை போகும்.

அதனால் ஃபாரத்தில் இனிஷியலோடு நிறுத்தாமல் அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். சொந்த ஊர் முகவரியில் வட்டம், காவல் நிலைய எல்லை வரை எழுதுங்கள். பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருப்பது தமிழ்நாட்டில் அன்றாடம் வருகிற விஷயம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட் வைத்தால் முடிந்தது. அதற்காக யாரும் ஆளைத் தள்ளுவதில்லை.

மூடிப்போன கம்பெனி விஷயத்துக்கு வருவோம். ரிப்போர்ட்டில் 'சரிபார்க்க முடியவில்லை' என்பது ஒன்று, 'முரண்பாடு' என்பது வேறொன்று. முதலாவதற்கு விளக்கம் கேட்பார்கள். இரண்டாவது வந்தால் ஆஃபர் போகும். சம்பளம் பேங்கில் வந்ததா? அந்த ஸ்டேட்மென்ட் போதும். பிரைவேட் லிமிடெட் என்றால் எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கம்பெனி மூடிய விவரம் இருக்கும், அதைப் பிரதி எடுத்து இணையுங்கள். கையில் காசாக வாங்கியிருந்தால் கூட வேலை பார்த்த இருவர் பெயரைக் கொடுங்கள். ஆளில்லாத கம்பெனிக்கு யாரோ அடித்துக்கொடுத்த லெட்டரை மட்டும் வைக்காதீர்கள். எங்களிடம் சிக்குவதில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். கன்சல்டன்சிக்காரன் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் கொடுப்பான், போன் போட்டால் 'எச்ஆர் பேசுறேன்' என்று ஆளும் வைத்திருப்பான். ஒரே குரல் நாலு கம்பெனிக்குப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் கோடிங் பக்கம் போலி சிபிசி சான்றிதழ் வரும். அதைக் கொடுக்கும் ஏஏபிசி அமைப்பின் தளத்தில் நம்பரைப் போட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

போலீஸ் வெரிஃபிகேஷன் தனி. அதை நீங்களே தமிழ்நாடு காவல்துறை தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே எஃப்ஐஆர் இருந்தால் தெரிய வாய்ப்பு உண்டு, கோர்ட்டுக்கே போகாத வழக்கானாலும். ஆகவே 2020 விவகாரத்தை மறைக்காதீர்கள். மிச்சத்தை வக்கீல்கள் யாராவது சொல்லட்டும்.

கோடிங்_மஞ்சு | செவ்வாய், காலை 8.30

முகவரி செக் பத்தி யாருமே பேசலையே. ஆம்பளைப் பசங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. நான் வேளச்சேரி பிஜியில இருந்தப்போ ஒரு ஆள் வந்து வார்டன்கிட்ட என் பேரைச் சொல்லி, "இந்தப் பொண்ணு எப்படி, நைட் எத்தனை மணிக்கு வருது"ன்னு கேட்டுட்டுப் போயிருக்காரு. நைட் ஷிஃப்ட் பொண்ணு எத்தனை மணிக்கு வரும்? அதுக்கப்புறம் வார்டன் பார்க்கிற பார்வையே மாறிடுச்சு. கல்யாணத்துக்கப்புறம் இன்னொரு கம்பெனி. பேரு மாத்தலன்னு கேள்வி, முகவரி மாறிடுச்சுன்னு கேள்வி. மாமியார் வீட்டு வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. அமெரிக்காவுல யாரோ ஒருத்தரோட முழங்கால் ஆபரேஷன் கோடை நான் பார்க்கிறதுக்கும், என் மாமியார் வீட்டு கேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சரிபார்ப்புக்காரன் | செவ்வாய், காலை 8.52

மஞ்சு மேடம், அந்த ஆள் கேட்டது தப்பு. வீட்டில் இருக்கிறாரா, எவ்வளவு காலமாக என்பதைத் தாண்டி ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. அந்தக் கள ஆட்களுக்கு ஒரு முகவரிக்கு இவ்வளவு என்று காசு, பயிற்சி எதுவும் கிடையாது. இப்போது பலர் மொபைல் லிங்க் அனுப்பி இருப்பிடத்தை வைத்தே முடித்துவிடுகிறார்கள். கேட்டால் அதைக் கொடுப்பார்கள்.

பாலிசிதாரன்_62 | செவ்வாய், காலை 10.10

எல்லாரும் வேலை தேடுபவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். அந்த ஃபைலுக்குள் இருப்பவன் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். எனக்கு வயது 62. சர்க்கரை, இதயம், ஒரு ஆபரேஷன் எல்லாம் என் இன்சூரன்ஸ் கோப்பில் இருக்கிறது. அது என் சம்பந்தி வீட்டுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவன் நான்.

2024 செப்டம்பரில் ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியின் தரவு கசிந்த செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? நான் அங்கே பாலிசி எடுத்தவன் இல்லை, ஆனால் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. டெலிகிராம் சாட்பாட் (தானாகப் பதில் தரும் புரோகிராம்) ஒன்றிடம் கேட்டால் பாலிசி ஆவணம், வரி விவரம், டெஸ்ட் ரிப்போர்ட் வந்து விழுகிறது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. 3.1 கோடி பேர் தரவு தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னான். 68,000 டாலர் கேட்டு மிரட்டினான் என்று கம்பெனி சொன்னது, சென்னை உயர் நீதிமன்றம் போனது. கம்பெனிக்குள் இருக்கும் ஒரு பெரிய அதிகாரியே விற்றார் என்றும் அவன் கிளப்பிவிட்டான். விசாரணையில் அவர் மீது தவறு எதுவும் தென்படவில்லை என்று கம்பெனி அப்போது சொன்னது. அது உண்மையோ பொய்யோ, உள்ளே இருப்பவரை நம்ப முடியுமா என்ற கேள்வி இருக்கிறதல்லவா? கடனில் மூழ்கியிருப்பவன் ஒருவன் பணத்துக்காக என் ரிப்போர்ட்டை விற்றால் யார் பொறுப்பு? சிபில் கேட்பதில் தப்பே இல்லை என்பேன்.

கோடிங்_மஞ்சு | செவ்வாய், காலை 10.25

ஐயா, உங்க பயம் புரியுது. ஆனா புதுசா சேர்ற பசங்க வாங்குற சம்பளத்துல கல்விக்கடன் பாக்கி இல்லாத ஆள் வேணும்னா, வசதியான வீட்டுப் பிள்ளைங்களைத்தான் எடுக்கணும். அவங்க இந்த நைட் ஷிஃப்ட்டுக்கு வர மாட்டாங்க.

பாலிசிதாரன்_62 | செவ்வாய், காலை 10.31

கடன் இருப்பவர் எல்லாம் திருடர் என்று நான் சொல்லவில்லை அம்மா. ஆனால் பேங்க்கில் கேஷியர் வேலைக்குக் கேட்கிறார்களே.

நெறியாளர் | செவ்வாய், காலை 11.00

வேலை பார்த்த / பார்க்கிற கம்பெனிப் பெயரை யாரும் போட வேண்டாம். நேற்று இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

எடிசன்_சம்பந்தம் | செவ்வாய், மாலை 6.20

நியூஜெர்சியில் ஒரு பேயரிடம் வெண்டர் ரிஸ்க் பார்க்கிறேன். உங்கள் ஃபாரத்தைக் கேட்டு வாங்கும் ஆள்களில் நானும் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் 62-க்கு மூன்று சம்பவம் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கில் மான்டிஃபியோர் ஆஸ்பத்திரி. 2013-இல் ஊழியர் ஒருவர் 12,517 நோயாளிகளின் விவரத்தைத் திருடி அடையாளத் திருட்டுக் கும்பலுக்கு விற்றார். நண்பர் பயப்படுவது இதைத்தான், அது நடக்கவும் செய்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு அது தெரிந்தது 2015-இல், போலீஸ் வந்து சொன்ன பிறகு. 2024-இல் 47.5 லட்சம் டாலர் கட்டினார்கள். அரசு கண்டுபிடித்த குறைகளைப் படித்துப் பாருங்கள்: ஆபத்தை ஆராயவில்லை, யார் எந்தக் கோப்பைத் திறக்கிறார் என்று கண்காணிக்கவில்லை. அந்த ஆளின் பழைய வாழ்க்கையைப் பார்க்காமல் விட்டார்கள் என்பது அதில் பேச்சே இல்லை.

புளோரிடாவில் மெமோரியல் ஹெல்த்கேர். அதோடு இணைந்த ஒரு டாக்டர் அலுவலகத்திலிருந்து விலகிப்போன ஊழியரின் லாகின் மூடப்படாமலே கிடந்தது. 2011 ஏப்ரலில் இருந்து 2012 ஏப்ரல் வரை தினமும் யாரோ அதை வைத்து உள்ளே போய் வந்தார்கள். 2017-இல் 55 லட்சம் டாலர் கட்டினார்கள். நாகா சொன்ன வாட்ஸ்அப் பாஸ்வேர்டு கதையின் அமெரிக்கப் பதிப்பு இது.

மூன்றாவது பழசு, 2003. சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி டிரான்ஸ்கிரிப்ஷன் (டாக்டர் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடிப்பது) வேலையை உள்ளூர் கம்பெனியிடம் கொடுத்தது. அது புளோரிடாவில் ஒருவருக்குத் தள்ள, அவர் டெக்சஸில் ஒருவருக்குத் தள்ள, கடைசியில் டைப் அடித்தது கராச்சியில் ஒரு பெண். கூலி பாக்கி. கொடுக்காவிட்டால் நோயாளி விவரங்களை இணையத்தில் போடுவேன் என்று ஆஸ்பத்திரிக்கே மெயில் அனுப்பினார், அத்தாட்சிக்கு உண்மையான விவரத்தையும் இணைத்து. கராச்சியில் ஒருவர் இருக்கிறார் என்பதே அதுவரை ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. இதில் எந்தப் போலீஸ் சர்டிஃபிகேட் உதவியிருக்கும்? சங்கிலி எங்கே போய் முடிகிறது என்று பார்த்து, கூலியை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் போதும்.

2024-இல் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற கிளெய்ம் கையாளும் அமெரிக்கக் கம்பெனி ஹேக் ஆனதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 19 கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு. திருடப்பட்ட ஒரு லாகின், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு போர்ட்டல். பிஜிவிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அப்படியானால் ஏன் கேட்கிறீர்கள் என்பீர்கள். மூன்று விஷயத்துக்கு: ஆள் உண்மையான ஆள்தானா, சொன்ன அனுபவம் உண்மைதானா, தரவு மோசடியில் தண்டனை பெற்றவரா. இவை மூன்றும் எனக்கு வேண்டும், விடமாட்டேன். மிச்சமெல்லாம் எங்கள் சட்டப் பிரிவு பழைய டெம்ப்ளேட்டில் இருந்து ஒட்டுவது.

பாலிசிதாரன்_62 | செவ்வாய், இரவு 8.05

சரி, மான்டிஃபியோர் கதையை என் பக்கத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். விற்றது உள்ளே இருந்தவர்தானே. அவருக்கு முன்பே அப்படி ஒரு சரித்திரம் இருந்திருந்தால்?

எடிசன்_சம்பந்தம் | செவ்வாய், இரவு 8.40

இருந்திருந்தால் செக்கில் தெரிந்திருக்கும், எடுத்திருக்க மாட்டார்கள். இல்லாதவர்தான் பெரும்பாலும் உள்ளே வருகிறார். முதல் முறை திருடுகிறவனுக்கு ரெக்கார்டு இருக்காதே சார். அவனைப் பிடிக்க ஒரே வழி, ஒரு நாளைக்கு நாற்பது கிளெய்ம் பார்க்க வேண்டியவன் நானூறு திறந்தால் மணி அடிக்க வேண்டும்.

வக்கீல்_மதுரைக்கிளை | புதன், காலை 6.45

தம்பியின் எஃப்ஐஆர் பற்றி. ஊரடங்கை மீறியதாகப் பதிவான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவை மட்டும் விலக்கு. உங்களுடையது அதில் அடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அனுமானத்தில் விடாதீர்கள். எஃப்ஐஆர் எண் தெரிந்தால் சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கின் நிலை என்ன என்று பார்த்து, முடித்துவைத்த உத்தரவின் நகலை விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.

ஃபாரத்தில் என்ன எழுதுவது? கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'தண்டனை பெற்றதுண்டா' என்றால் இல்லை என்பது உண்மை. 'வழக்குப் பதிவு செய்யப்பட்டதா' என்றால் ஆம் என்பதே உண்மை. அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே உதவும். கேட்ட விவரத்தை மறைத்தால் அந்த மறைப்பே பாதகமாகலாம். சிறு குற்றமாக இருந்தால் வேலை கொடுப்பவர் பெருந்தன்மையாக விடலாம். கேட்காத விவரத்தைச் சொல்லவில்லை என்று குறை கூற முடியாது. அது அரசுப் பணி குறித்த தீர்ப்பு, தனியாரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எச்ஆரிடம் பேச நல்ல பிடிமானம்.

இன்னொன்றை யாரும் தொடவில்லை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், டிபிடிபி. வெளிநாட்டுக் கம்பெனியின் ஒப்பந்தப்படி வெளிநாட்டவர் தரவை இங்கே கையாளும்போது அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது, பாதுகாப்பு ஏற்பாடு செய்வது போன்ற சில கடமைகள் மட்டும் உண்டு. ஆனால் தம்பியின் சிபில், சிறுநீர்ப் பரிசோதனை முடிவு, மஞ்சு அவர்களின் மாமியார் வீட்டுப் புகைப்படம் எல்லாம் இந்தியர் தரவு. வேலை நிமித்தமான சில தேவைகளுக்குச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்காகக் கண்டதையெல்லாம் சேர்க்கலாம் என்று அர்த்தமில்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். அதுவரையும் கேட்கத் தடையில்லை: இந்த ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள், நான் சேராவிட்டால் அழிப்பீர்களா? எழுத்தில் கேளுங்கள்.

பாலிசிதாரர் ஐயாவுக்கு: ஒப்பந்தப்படி கையில் வந்த தரவை ஆதாயத்துக்காக வெளியே விடுபவருக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ-வில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆளை வடிகட்டுவதோடு கதை முடிந்துவிடவில்லை.

நைட்ஷிஃப்ட்_நாகா | புதன், காலை 7.10

சார், நான் சேர்ந்தப்போ என் பான், ஆதார், மார்க்ஷீட் எல்லாத்தையும் ஒரு கன்சல்டன்சி ஜிமெயிலுக்குத்தான் அனுப்பச் சொன்னாங்க. நோயாளி டேட்டா இருக்கிற ஃப்ளோர்ல பேனா கூட கொண்டு போக விட மாட்டான். என் டேட்டா மட்டும் யாரோ ஒருத்தன் இன்பாக்ஸ்ல கெடக்குது.

மலைக்கோட்டை_ஏஆர் | வெள்ளி, இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன்.

கலா மேடம் சொன்னதை வச்சு எச்ஆருக்கு மெயில் போட்டேன்: "இந்த புராஜெக்ட்டுக்கு கிளையன்ட் கேட்டிருக்கிற செக் எதுன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு உண்டானதை உடனே தர்றேன்." ரெண்டு நாள் பதில் இல்ல. அப்புறம் கம்ப்ளையன்ஸ்ல இருந்து ஒருத்தர் பேசினாரு, நல்லாவே பேசினாரு. கிளையன்ட் லிஸ்ட்ல படிப்பு, வேலை, அடையாளம், கோர்ட் செக், டிரக் டெஸ்ட் இருக்காம். சிபில் ஃபைனான்ஸ் புராஜெக்ட்டுக்காக வச்ச பக்கமாம், விட்டுடலாம்னாரு. சோஷியல் மீடியா ஐடி "ஆப்ஷனல்"னு சொன்னாரு, ஃபாரத்துல அந்த வார்த்தையே இல்ல. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் வேணுமாம், அது கம்பெனி பாலிசியாம்.

எஃப்ஐஆர் இருந்ததை எழுதிட்டேன். வக்கீல் சார் சொன்ன நகலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கு, வந்ததும் அனுப்புறேன்னும் சொல்லிட்டேன். பழைய கம்பெனிக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்துச்சு, தப்பிச்சேன்.

இன்னொரு விஷயம். இங்க திருச்சியில இன்னைக்குத்தான் கடைசி நாள். எக்ஸிட்ல ஐடி கார்டு, ஹெட்செட், லாக்கர் சாவி எல்லாம் வாங்கிக் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு பேயர் போர்ட்டல்ல என் பேர்ல லாகின் இருக்கு, அதைப் பத்தி யாருமே கேக்கல. இன்னும் ஓப்பன் ஆகுதான்னு ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?

கம்ப்ளையன்ஸ்_கலா | வெள்ளி, இரவு 9.32

போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். வேலை விட்ட பிறகு உள்ளே போனால், எதையும் தொடாவிட்டாலும் அது அனுமதியில்லாத நுழைவு, நேரத்தோடு பதிவாகும். பின்னாளில் அந்தப் பக்கம் ஏதாவது நடந்தால் முதலில் நிற்பது உங்கள் பெயர்.

இப்போதே மேனேஜருக்கும் ஐடிக்கும் சொந்த மெயிலில் இருந்து இரண்டு வரி போடுங்கள்: 'இன்றோடு பணி முடிந்தது, என் பெயரில் உள்ள இந்த இரண்டு போர்ட்டல் லாகின்களையும் மூடிவிட்டு உறுதி செய்யவும்.' லாகின் பெயர் எழுதலாம், பாஸ்வேர்டு எழுதக் கூடாது. போனிலோ பிரவுசரிலோ சேமித்திருந்தால் அழித்துவிடுங்கள். செக்யூரிட்டி ரூலைத் திருத்த 2025 ஜனவரியில் வந்த வரைவில், வேலை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுமதியைத் துண்டிக்க வேண்டும் என்றே இருக்கிறது. அது வரைவுதான், ஆனால் உங்கள் மேனேஜருக்கு அதைச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மலைக்கோட்டை_ஏஆர் | வெள்ளி, இரவு 9.50

அனுப்பிட்டேன் மேடம். "திங்கட்கிழமை பார்க்கிறோம்"னு பதில் வந்திருக்கு.

கம்ப்ளையன்ஸ்_கலா | வெள்ளி, இரவு 9.54

அந்தப் பதிலையும் சேர்த்து பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் மதியம் வரை உறுதி வராவிட்டால் அதே மெயிலிலேயே இன்னொரு முறை கேளுங்கள், போனில் வேண்டாம்.